குழந்தைக்கு டிகியூ வந்துவிட்டதா? நீச்சல் போட்டித் தகுதிநீக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் பள்ளிப் போட்டிகளிலும் கிளப் போட்டிகளிலும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு குளத்தோரம் நிற்கும் தன்னார்வ நடுவர்களில் நானும் ஒருவன். தமிழில் பேசுவேன் என்று தெரிந்ததும் பெற்றோர்கள், சில சமயம் தாத்தா பாட்டிகள்கூட, இடைவேளையில் வந்து கேட்பார்கள்: “பையன் நன்றாகத்தானே நீந்தினான், ஏன் பெயருக்கு நேராக டிகியூ என்று வருகிறது?” திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். தகுதிநீக்கத்தைக் குளத்தோரத்தில் எல்லோரும் டிகியூ என்றுதான் சொல்கிறோம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

டிகியூ ஆனால் நேரமும் போய்விடுமா?

போய்விடும். அதிகாரபூர்வ முடிவுப் பட்டியலில் டிகியூ என்று மட்டும்தான் வரும். நேரமோ இடமோ போட மாட்டார்கள். அந்த நேரத்தைக் காட்டித் தேசிய வயதுப்பிரிவுப் போட்டிக்குத் தகுதி கேட்கவும் முடியாது. மின்பலகையில் ஒரு நொடி நேரம் தெரிந்ததே என்று சிலர் கேட்பார்கள். பலகை காட்டுவது சுவரில் பொருத்திய டச் பேட் என்ற தொடுபலகை பதிவுசெய்த நேரம். தலைமை நடுவர் உறுதிசெய்யும்வரை அது முடிவாகாது.

யார் டிகியூ கொடுக்கிறார்கள்?

தலைமை நடுவர் மட்டும்தான். மற்ற நாங்கள் எல்லோரும் பார்த்ததைச் சொல்பவர்கள். சுவரோரம் நின்று திருப்பங்களைப் பார்ப்பவர் டர்ன் ஜட்ஜ். குளத்தின் இரு பக்கமும் நீச்சல்காரர்களோடு சேர்ந்து நடந்து நீந்தும் பாணியைப் பார்ப்பவர்கள் ஸ்ட்ரோக் ஜட்ஜ். புறப்பாட்டைக் கவனிப்பவர் ஸ்டார்ட்டர்.

யார் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கும் வரம்பு உண்டு. டர்ன் ஜட்ஜின் பொறுப்பு, சுவரைத் தொடுவதற்கு முந்தைய கடைசிக் கைவீச்சில் தொடங்கி, திரும்பிய பிறகு முதல் கைவீச்சு முடியும்வரை. பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் (மார்பு நீச்சல்) மட்டும் இரண்டாவது கைவீச்சு முடியும்வரை. குளத்தின் நடுவில் நடப்பது டர்ன் ஜட்ஜாக நிற்கும் என் கண்ணில் பட்டாலும் அதைத் தீர்ப்பது ஸ்ட்ரோக் ஜட்ஜின் வேலை.

ஒரு டிகியூ எப்படி உருவாகிறது? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

நூறு மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் என்று வைத்துக்கொள்வோம். நான் நான்காம் லேனின் சுவருக்கு நேர் மேலே, கால்விரல் கிட்டத்தட்ட குளத்தின் விளிம்பில் படும்படி நின்று, குனிந்து நேராகக் கீழே பார்க்கிறேன். குழந்தை வருகிறது. கடைசி வீச்சில் பக்கத்து லேனை ஒரு பார்வை பார்க்கிறது. தலை திரும்பியதும் ஒரு தோள் இறங்குகிறது. இடது கை சுவரில் பட்டுவிட்டது, வலது கை இன்னும் தண்ணீரில் வந்துகொண்டிருக்கிறது. அது சுவருக்கு வருவதற்குள் உடம்பு திரும்பிவிடுகிறது. எல்லாம் ஒரு நொடிக்குள்.

இப்போது நான் கண்ணை எடுக்கக் கூடாது. அந்தக் குழந்தை இரண்டாவது கைவீச்சை முடிக்கும்வரை பார்த்துவிட்டுத்தான் சீட்டை எழுத வேண்டும். எந்தப் போட்டி, எந்த ஹீட் (சுற்று), எந்த லேன், எந்தத் திருப்பம், என்ன தவறு எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். “திருப்பம் சரியில்லை” என்று எழுதினால் அது செல்லாது. “முதல் திருப்பத்தில் இரு கைகளும் ஒரே நேரத்தில் தொடவில்லை, இடது கை மட்டும் தொட்டது” என்று எழுத வேண்டும்.

சீட்டு தலைமை டர்ன் ஜட்ஜ் வழியாகத் தலைமை நடுவரிடம் போகும். அவர் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார். எங்கே நின்றாய்? கண்ணால் என்ன பார்த்தாய்? எந்த விதி மீறப்பட்டது? இதில் எதற்காவது நான் தடுமாறினால் சீட்டு அங்கேயே கிழியும். அப்படித் திருப்பி அனுப்பப்படும் சீட்டுகள் உண்டு, பார்வையாளர் மாடத்தில் இருப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது. அவர் ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்ட பிறகுதான் அது டிகியூ. முடிவு வரக் கொஞ்சம் நேரம் ஆவதற்குக் காரணம் இந்த விசாரணைதான். பிள்ளைக்காகத்தான் இவ்வளவும் நடக்கிறது என்பதால் அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடுவருக்கே சந்தேகமாக இருந்தால்?

டிகியூ கிடையாது. சந்தேகத்தின் பலன் நீச்சல்காரருக்கே. புதிதாக வரும் ஒவ்வொரு நடுவருக்கும் முதலில் சொல்லிக்கொடுப்பது இதுதான். “தொட்டிருக்க மாட்டாள்” என்று தோன்றுவது போதாது, “தொடவில்லை, பார்த்தேன்” என்று சொல்ல முடிய வேண்டும். தண்ணீர் தெறித்து மறைத்துவிட்டால் பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

சீட்டில் எழுதுவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஆண்கள் 200 மீட்டர் பேக்ஸ்ட்ரோக் (மல்லாந்து நீந்துவது) இறுதியில் அமெரிக்காவின் ஆரன் பியர்சல் முதலாவதாக வந்தார். திருப்பத்தில் தவறு என்று டிகியூ அறிவிக்கப்பட்டது. பிறகு அதே இரவில் அது ரத்தானது. நடுவரின் அறிக்கையில் போதிய விவரம் இல்லை, உலக நீச்சல் அமைப்பின் அலுவல் மொழியிலும் அது எழுதப்படவில்லை என்பதே காரணம். தங்கம் பியர்சலுக்கே கிடைத்தது. ஒலிம்பிக் இறுதிக்கே அப்படி என்றால், தோ பாயோவில் தொடக்கநிலை மூன்றில் படிக்கும் பிள்ளைக்கும் அதே கவனத்தோடு எழுதப்பட்ட சீட்டு கிடைக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் மட்டும் ஏன் இத்தனை டிகியூ?

நான் பார்த்தவரையில் சின்னப் பிள்ளைகளுக்கு அதிகம் விழுவது இதில்தான். நான்கு பாணிகளில் இதற்குத்தான் நுணுக்கமான விதிகள் அதிகம்.

திருப்பத்திலும் முடிவிலும் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில், ஒன்றன்மேல் ஒன்று இல்லாமல் பிரிந்து தொட வேண்டும். ஒரே உயரத்தில் தொட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தேவையில்லை. ஒரு கை மேலே ஒரு கை கீழே இருந்தாலும் நேரம் ஒன்றாக இருந்தால் சரி.

அப்புறம் உதை. கால்கள் இரண்டும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும், தள்ளும்போது பாதங்கள் வெளிப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். ஒரு பாதம் வெளியே திரும்பி, மற்றது நீட்டிக்கொண்டு கத்தரிக்கோல் மாதிரி வெட்டினால் டிகியூ. பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது, காரணம் தன் காலைத் தான் பார்க்க முடியாது. கோச் பின்னாலிருந்து பார்த்துத் திருத்தினால்தான் போகும்.

புறப்பாட்டுக்குப் பிறகும் ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் தண்ணீருக்கடியில் ஒரு முழுக் கை இழுப்பு, ஒரே ஒரு டால்ஃபின் உதை (இரு கால்களும் சேர்ந்து மேலும் கீழும் அடிப்பது), அதன் பிறகு பிரெஸ்ட்ஸ்ட்ரோக் உதை. இரண்டாவது கை இழுப்பில் கைகள் அகன்று உள்ளே திரும்புவதற்குள் தலை மேலே வந்துவிட வேண்டும். அந்த ஒரு டால்ஃபின் உதையும் 2005க்கு முன் அனுமதி கிடையாது. அதன் பிறகும் சர்ச்சை ஓயவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக் 100 மீட்டரில் 58.46 நொடியில் உலகச் சாதனையோடு வென்ற தென்னாப்பிரிக்காவின் கேமரன் வான் டெர் பர்க், ஒன்றுக்கு மேல் உதைத்ததைப் பின்னர் தானே வெளிப்படையாகச் சொன்னார். தண்ணீருக்கடியில் நடப்பதை மேலே நிற்கும் கண் முழுக்கப் பிடிக்க முடியாது என்பதை அந்தச் சம்பவம் எல்லோருக்கும் காட்டியது.

பட்டர்ஃபிளையில்?

அங்கேயும் இரு கை தொடுதல்தான். கூடவே, கைகள் இரண்டும் தண்ணீருக்கு மேலே ஒன்றாக முன்னால் வர வேண்டும். களைத்துப்போன பிள்ளை கடைசிப் பத்து மீட்டரில் கையைத் தூக்க முடியாமல் தண்ணீருக்குள்ளேயே இழுக்கும். மாடத்திலிருந்து பார்த்தால் போராடி முடித்த மாதிரி இருக்கும், எங்களுக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் எழுதித்தான் ஆக வேண்டும், அந்த விதியோடுதான் பக்கத்து லேன் பிள்ளையும் களைத்து நீந்தியிருக்கிறது.

பேக்ஸ்ட்ரோக்கில் கவிழ்ந்து திரும்பலாமா, கூடாதா?

திரும்பலாம். கவிழ்ந்தவுடன் நிற்காமல் ஒரு கை இழுப்பு, அல்லது இரு கைகளையும் சேர்த்து ஓர் இழுப்பு, அதே வேகத்தில் குட்டிக்கரணம். கவிழ்ந்துவிட்டுச் சுவர் இன்னும் தூரத்தில் இருக்கிறதே என்று உதைத்துக்கொண்டே மிதந்து போனால் டிகியூ. ஐந்து மீட்டர் முன்னால் தொங்கும் கொடிகளைப் பார்த்துக் கைவீச்சை எண்ணப் பழகினால் இந்தப் பிரச்சினையே வராது. சுவரை விட்டுக் கிளம்பும்போது மறுபடி மல்லாந்த நிலைக்கு வந்துவிட வேண்டும். முடிக்கும்போதும் மல்லாந்தபடியேதான் தொட வேண்டும்.

ஒருவரே நான்கு பாணிகளையும் நீந்தும் தனிநபர் மெட்லியில் இது இன்னும் கறாராகத் தெரியும். அங்கே பேக்ஸ்ட்ரோக் பகுதி முடிந்து பிரெஸ்ட்ஸ்ட்ரோக் தொடங்குவதால், சுவரை மல்லாந்த நிலையில் தொட்ட பிறகே புரளலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் 200 மீட்டர் மெட்லி இறுதியில் மூன்றாவதாகத் தொட்ட அமெரிக்காவின் அலெக்ஸ் வால்ஷ் இந்த இடத்தில்தான் டிகியூ ஆனார். வெண்கலம் ஆஸ்திரேலியாவின் கெய்லி மெக்கியோனுக்குப் போனது. உலகத்தின் மிகச் சிறந்த வீராங்கனைக்கே நடக்கும்போது, பத்து வயதுப் பிள்ளையைக் கவனமில்லாதவள் என்று திட்டுவதில் அர்த்தமில்லை.

ஃப்ரீஸ்டைலில் டிகியூ ஆகவே முடியாது என்கிறார்களே?

முடியும், ஆனால் குறைவு. ஒவ்வொரு திருப்பத்திலும் உடம்பின் ஏதாவது ஒரு பகுதி சுவரில் பட வேண்டும். குட்டிக்கரணத்தில் கால் எட்டவில்லை என்றால் உடனே திரும்பிப் போய்த் தொட்டுவிட்டு வரலாம், நேரம் போகுமே தவிர டிகியூ வராது. கண்ணாடி கழன்றால் தரையில் காலூன்றி நிற்கலாம், ஆனால் ஓர் அடிகூட நடக்கக் கூடாது. லேன் கயிற்றைப் பிடித்துக்கொள்ளலாம், பிடித்து இழுத்து முன்னேறக் கூடாது. புறப்பாட்டுக்கும் திருப்பத்துக்கும் பிறகு 15 மீட்டருக்குள் தலை மேலே வர வேண்டும். இந்த 15 மீட்டர் விதி பேக்ஸ்ட்ரோக்குக்கும் பட்டர்ஃபிளைக்கும்கூட உண்டு.

புறப்பாட்டில் கொஞ்சம் அசைந்தாலே டிகியூவா?

‘டேக் யுவர் மார்க்ஸ்’ என்றதும் எல்லோரும் அசையாமல் நிலைக்கு வர வேண்டும். ஒலிக்கு முன் கிளம்பினால் டிகியூ, இரண்டாவது வாய்ப்பு கிடையாது. ஒலி எழுந்துவிட்டால் போட்டியை நிறுத்த மாட்டோம், எல்லோரும் நீந்தி முடித்த பிறகுதான் அறிவிப்பு வரும். பிள்ளை உற்சாகமாக நீந்தி முதலில் வந்த பிறகு டிகியூ என்று கேட்பது கொடுமையாக இருக்கும். ஆனால் நிறுத்தினால் மற்ற ஏழு பேரும் மறுபடி முதலிலிருந்து நீந்த வேண்டும்.

வெளிச் சத்தம் காரணமாகக் கிளம்பியிருந்தால் அது தவறாகக் கருதப்படாது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சீனாவின் சுன் யாங் 1500 மீட்டர் இறுதியில் ஒலிக்கு முன்பே தண்ணீரில் விழுந்தும், அரங்கச் சத்தத்தைக் கணக்கில் எடுத்து அவரை மறுபடி நிற்க அனுமதித்தார்கள். அவர் உலகச் சாதனையோடு வென்றார். இதில் மாடத்தில் இருப்பவர்களுக்கும் பங்கு உண்டு. நீண்ட விசில் கேட்டதும் “போடா தம்பி!” என்ற கூச்சலை அடக்கிக்கொள்ளுங்கள், தண்ணீரில் விழுந்த பிறகு தொண்டை கிழியக் கத்தலாம்.

ரிலேயில் நாலு பேரும் நன்றாக நீந்தியும் டிகியூ வருகிறதே?

முன்னவர் சுவரைத் தொடும்வரை அடுத்தவரின் கால் பிளாக்கில் (குதிக்கும் மேடை) இருக்க வேண்டும். கை, உடம்பு எல்லாம் ஆடலாம், கால் மட்டும் விடக் கூடாது. பெரிய போட்டிகளில் பிளாக்கில் உள்ள கருவியே அதை அளக்கும். நொடியில் நூற்றில் மூன்று பங்கு வரை முந்தினாலும் விட்டுவிடுவார்கள். கருவி இல்லாத இடத்தில் கண்தான். பிளாக்கின் பக்கவாட்டில் நின்று காலையும் சுவரையும் ஒரே பார்வையில் பிடிக்க வேண்டும். டர்ன் ஜட்ஜ் வேலையில் எனக்கு மிகக் கடினமாகத் தோன்றுவது இதுதான்.

இன்னொன்றும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்: கடைசி அணி முடிக்கும்வரை யாரும் தண்ணீரில் குதிக்கக் கூடாது. 2001 ஃபுகுவோகா உலகப் போட்டியில் பெண்கள் 4×200 மீட்டர் ரிலேயில் முதலில் முடித்த ஆஸ்திரேலிய அணி, மற்றவர்கள் முடிக்கும் முன் கொண்டாடக் குதித்து டிகியூ ஆனது. தங்கம் பிரிட்டனுக்குப் போனது.

ஓர் ஆறுதல்: ரிலேயின் முதல் ஆள் தவறில்லாமல் நீந்தியிருந்தால், பின்னால் வந்தவர் தவறால் அணி டிகியூ ஆனாலும் முதல் ஆளின் சாதனை நேரம் அழியாது.

நான் கைபேசியில் எடுத்த வீடியோவைக் காட்டலாமா?

தலைமை நடுவர் அதைப் பார்க்க மாட்டார். வேண்டுமானால் கோச்சிடம் காட்டுங்கள், பயிற்சிக்கு உதவும். மாடம் உயரத்திலும் பக்கவாட்டிலும் இருக்கிறது. அங்கிருந்து எடுத்த படத்தில் இரு கைகளும் ஒன்றாகத் தொட்ட மாதிரியே தெரியும், நடுவில் தண்ணீரும் தெறிக்கும். 2025இல் சிங்கப்பூரின் காலாங்கில் நடந்த உலக நீச்சல் போட்டி போன்ற பெரிய போட்டிகளில் நடுவர்கள் பார்ப்பதற்கென்றே கேமராக்கள் உண்டு. ஏற்பாட்டாளர்களே நிறுவிய, எல்லா லேனையும் ஒரே மாதிரி காட்டும் கேமராக்கள் அவை. ஒரு லேனுக்கு மட்டும் வீடியோ இருந்தால் மற்ற லேன்களுக்கு அது நியாயமில்லை.

டிகியூ தவறு என்று நினைத்தால் யாரிடம் போவது?

உங்கள் பிள்ளையின் கோச்சிடம் அல்லது அணி மேலாளரிடம். தயவுசெய்து நேராகக் குளத்தோரத்துக்கு வராதீர்கள். கோச் தலைமை நடுவரிடம் போய், எந்த விதி, எந்த இடம் என்று கேட்பார். அந்த விவரத்தைத் தர வேண்டியது எங்கள் கடமை. பாதிக்கு மேற்பட்ட மனக்கசப்பு இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும்.

அதிலும் திருப்தியில்லை என்றால் எழுத்தில் முறையீடு செய்யலாம். உலக அளவிலான போட்டிகளில் அந்தப் பந்தயம் முடிந்த 30 நிமிடத்துக்குள், ஒரு வைப்புத் தொகையோடு கொடுக்க வேண்டும். முறையீடு வென்றால் பணம் திரும்ப வரும். உள்ளூர்ப் போட்டிகளுக்கு எத்தனை நிமிடம், எத்தனை வெள்ளி (டாலர்) என்பது கிளப்புக்கு முன்கூட்டியே அனுப்பும் அறிவிப்பில் இருக்கும், போட்டிக்கு வரும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள். ஆனால் கை தொட்டதா இல்லையா என்பது நடுவர் கண்ணால் கண்ட விஷயம். அதை முறையீட்டால் மாற்றுவது கிட்டத்தட்ட நடக்காது. விதியைத் தவறாகப் புரிந்துகொண்டது, லேன் மாறி எழுதியது, தன் பொறுப்பில் இல்லாத இடத்திலிருந்து பார்த்து எழுதியது போன்றவற்றில்தான் முறையீடு நிற்கும்.

சின்னப் பிள்ளைகளுக்குச் சலுகை காட்டக் கூடாதா?

எட்டு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் விதி ஒன்றுதான். ஒரு பாட்டி என்னிடம் கேட்டார், “பச்சைப் பிள்ளை, போனால் போகிறது என்று விடக் கூடாதா தம்பி?” அந்தப் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்பது வயதில் ஒரு கைத் தொடுதலைக் கண்டும் காணாமல் விட்டால், அந்தப் பிள்ளை பதிமூன்று வயதில் தேசியப் போட்டி இறுதியில் அதையே செய்யும். அப்போது இழப்பது பெரிது, பழக்கத்தை மாற்றுவதும் கஷ்டம். சலுகையைக் காட்ட வேண்டிய இடம் சொல்லும் விதம். நான் சொல்ல நேர்ந்தால் குனிந்து, பிள்ளையின் கண்மட்டத்துக்கு வந்து, என்ன பார்த்தேன் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்வேன். எல்லா நடுவரும் அப்படிச் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். முடிவுத் தாளைப் பார்த்து ஒரு பிள்ளை தானாகத் தெரிந்துகொள்வது சரியில்லை.

நடுவரின் சொந்தப் பிள்ளை நீந்தினால்?

இங்கே நடுவர்களில் பலர் பெற்றோர்கள்தான், அதனால் இது நியாயமான கேள்வி. என் வீட்டுப் பிள்ளை நீந்தும் ஹீட்டில் வேறு லேனுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொள்வேன். தெரிந்த மற்றவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

உடற்குறையுள்ள நீச்சல்காரர்களுக்கும் இதே விதிகளா?

அடிப்படை ஒன்றுதான், ஆனால் ஒவ்வொருவரின் உடல்நிலைக்கேற்ப விதிவிலக்குக் குறியீடுகள் உண்டு. ஒரு கையால் மட்டுமே தொட முடிந்தவர் ஒரு கையால் தொட்டால் சரி. அந்தக் குறியீடு போட்டிக்கு முன்பே நடுவர் கையில் இருக்கும். நம் சிங்கப்பூர் வீராங்கனை யிப் பின் சியூ பேக்ஸ்ட்ரோக்கில் பாராலிம்பிக் தங்கங்களை வென்றதும் இத்தகைய கறாரான முறைக்குள்தான்.

டிகியூ ஆன அன்று பிள்ளையிடம் என்ன பேசுவது?

முதலில் சாப்பாடு. அன்றே இன்னொரு போட்டி இருந்தால் அதைப் பற்றி மட்டும் பேசுங்கள். வீட்டுக்குப் போகும் எம்ஆர்டி ரயிலில் பிள்ளையே தொடங்கினால், எந்த விதி என்று பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் மறுநாள் கோச்சிடம் கேட்கச் சொல்லுங்கள். நடுவரைத் திட்டினால் பிள்ளைக்கு ஒரு கணம் இதமாக இருக்கும், ஆனால் கையோ காலோ மாறாது.

நானும் நடுவராக முடியுமா? எனக்கு நீச்சலே தெரியாது.

முடியும். நீந்தத் தெரிந்திருப்பது உதவும், ஆனால் கட்டாயமில்லை. கண், பொறுமை, மணிக்கணக்கில் நிற்கக் கால், இவைதான் முக்கியம். சிங்கப்பூர் அக்குவாட்டிக்ஸ் அமைப்பு போட்டி அதிகாரிகளுக்குப் பயிற்சி நடத்துகிறது. பிள்ளையின் கிளப்பில் கேட்டாலும் வழி சொல்வார்கள். பெரும்பாலும் நேரம் எடுப்பவராகத் தொடங்கி, பிறகு டர்ன் ஜட்ஜாகப் பழகுவார்கள். முதல் சில போட்டிகளில் அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நிற்பார். வரும்போது வழுக்காத காலணி போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீர் பட்டாலும் எழுதும் பேனா ஒன்றும் கொண்டுவாருங்கள்.